காலி மேடையில் மூன்று கிலோ

கரட்டுவலசில் லாரி இல்லாத வீடு உண்டு, கோயில் இல்லாத தெரு உண்டு, சந்தேகம் இல்லாத ஆள் மட்டும் கிடையாது என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் எதற்காக அப்படிச் சொல்லித் திரிகிறார்கள் என்று நாங்கள் சந்தேகப்படுவோம். பால்காரன் தண்ணீர் ஊற்றாத நாளில் இன்றைக்கு ஏன் ஊற்றவில்லை என்று யோசிக்கிற ஊர் இது. இப்படிப்பட்ட ஊரிலும் யாரும் சந்தேகப்படாத பொருள் ஒன்று இருந்தது. அது எடைமேடையில் கோகிலவாணி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் எடைச்சீட்டு. பதினொரு வருஷமாக, சிமெண்ட் ஏற்றிய வண்டியோ மக்காச்சோளம் ஏற்றிய வண்டியோ, மேடையில் ஏறி இறங்கி வாணியின் சீட்டை வாங்கிவிட்டால், விற்றவனும் வாங்கியவனும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். 'வாணி சீட்டுப் போட்டாச்சா?' என்று கேட்டால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த மேடையில்தான் கார்த்திகை பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மேலே வண்டியோ ஆளோ ஆடோ எதுவுமே இல்லாதபோது, சிவப்பு எண்ணில் மூன்று என்று காட்டியது.

அறுபது டன் நிறுக்கிற மேடை அது. ஐந்து கிலோவுக்குக் கீழே எதையும் அதற்குப் பார்க்கத் தெரியாது. வாணி வெளியே வந்து மேடையைக் கூட்டினாள். ஓரத்தில் படுத்திருந்த நாயை விரட்டினாள். இடுக்கில் கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது மூன்று ஏழாகியிருந்தது, ஏழு இருபத்திரண்டாயிற்று, இருபத்திரண்டு அறுபத்தொன்றாயிற்று, பிறகு யாரோ எல்லாவற்றையும் ஒரே வாரில் வாரிக்கொண்டு போனது போலப் பூஜ்யம் ஆயிற்று, இரண்டு மூச்சு விடுவதற்குள் மறுபடி மூன்று.

மேடையின் முதலாளி குழந்தைசாமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி அதற்கு முந்தின மாதம்தான் உடைந்து, லேத்துப் பட்டறையில் சொல்லி இரும்பு நாற்காலி ஒன்று செய்து போட்டிருந்தார். கையில் பட்டன் போன், தோளில் துண்டு, மடியில் எப்போதும் இன்னொரு துண்டு. அவர் எண்ணைப் பார்த்தார், வாணியைப் பார்த்தார்.

"எதையாச்சும் அமுக்கீட்டியா அம்மிணி?"

"நான் எதையும் தொடலீங்க மொதலாளி."

"பின்ன அதுவா பேசுதா?"

அன்றைக்கே ஊருக்குள் வாணியின் சீட்டை இரண்டு பேர் திருப்பிப் பார்த்தார்கள். பதினொரு வருஷத்தில் அது முதல் முறை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் முடிவெட்டும் பெருமாள். அவர் கடையும் என் ஜெராக்ஸ் கடையும் மேடைக்கு எதிரே ஒட்டி ஒட்டி இருக்கின்றன. லேத்துப் பட்டறை தர்மலிங்கம் ஒரு நாள் போனைப் பார்த்தபடியே சவரத்துக்கு வந்து உட்கார்ந்தான். ஏற்றி இறக்குகிற நாற்காலி தானாகவே கடைசிவரை இறங்கித் தரையில் போய் நின்றது. பெருமாள் குனிந்தே ஒரு கன்னத்தை முடித்தார். அப்போது தர்மலிங்கம் போனில் எதையோ தட்டினான், நாற்காலி ஒரு சாண் எழும்பியது, கண்ணாடியில் இடவலமாகத் தெரிந்த மேடை எண் நாற்பது கூடியது. தர்மலிங்கம் மறுபடி தட்டினான், மறுபடி எழும்பியது, மறுபடி எண் கூடியது. பெருமாள் கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "தம்பி, நீ அங்க எறக்கி வெக்கறது இங்க எனக்குத் தெரியுதப்பா" என்றார். பாதிக் கன்னத்தோடு தர்மலிங்கம் எழுந்து ஓடினான். எழுந்து ஓடினால் ஊர் விடுமா?

இப்படித்தான் தெரிந்தது. போனில் ஒரு சீட்டாட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து. சீட்டு விழுமுன்பே முறைப்படி ஒருவன் ஒன்றும் இன்னொருவன் இரண்டும் நடுவில் வைக்க வேண்டும். அதுதான் அந்த மூன்று. பந்தயக் காசுக்குச் சில்லு என்று பெயர், ஒரு சில்லு ஒரு ரூபாய். எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஒரு சில்லு ஒரு கிலோ. டேபிளில் உட்காரும்போது எவ்வளவு சில்லோடு உட்காருவது என்று ஆளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், குறைந்தது நாற்பது, அதிகம் இருநூறு; எவ்வளவோடு உட்கார்கிறானோ அவ்வளவு எடை அந்த ஆளின் உடம்பில் ஏறிவிடும். பந்தயம் கட்டிய சில்லு உடம்பை விட்டு இறங்கி எடைமேடைக்குப் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் மேடையில் சேர்ந்த குவியல் மொத்தமும் ஜெயித்தவன் உடம்பில் ஏறும். டேபிளை விட்டு எழுந்தால் பழைய எடை. எழாமல் சும்மா ஒதுங்கி இருந்தால், நாற்காலியும் அவனுடையது, எடையும் அவனுடையது.

இது எப்படி நடக்கும், ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கரட்டுவலசில் ஏன் என்பது கேள்வியே அல்ல. யார் என்பதுதான் கேள்வி.

மார்கழிக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் பெண்ணின் அம்மா கயிற்றைப் பார்த்தாள், மாப்பிள்ளையை அப்புறம் பார்த்தாள். டவுன் பஸ் கண்டக்டர் சிலரைப் பின்சீட்டில் உட்காரவிடவில்லை. மெஸ் நடத்தும் ரங்கநாயகி தன் கடைப் பெஞ்சின் நடுக்காலை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று இட்லி வைத்துக்கொண்டே கவனித்தாள். பெண்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டார்கள். "அக்கா, என்ற ஊட்டுக்காரர் இப்பத்தான் ஊஞ்சல்ல லேசானாரு, அங்க மேடைல எவ்வளவு கூடுச்சு, கொஞ்சம் எட்டிப் பாருங்க." எட்டிப் பார்க்கிறவள் எண்ணைச் சொல்வாள், சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்காரர் எங்கே என்று தேடுவாள்.

ஆண்கள் வேறு விதமாகப் பழகினார்கள். எவ்வளவோடு உட்காருவது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு, ஆனால் யாரும் தன்னைப் பற்றிப் பேசவில்லை, யாரோ ஒருவனைப் பற்றித்தான் பேசினார்கள். நாற்பதோடு உட்கார்ந்தால் ஒரு மூட்டைச் சிமெண்டுகூட இல்லை, சட்டைக்குள் மறைத்துவிடலாம், இரண்டு பந்தயத்தில் எல்லாம் நடுவே போய்விடும், அதிகம் யோசிக்க வேண்டாம், தோற்றாலும் நாற்பதோடு போயிற்று. இருநூறோடு உட்கார்ந்தால் ஒரே சீட்டில் எதிராளியை மொட்டையடிக்கலாம், ஒரே சீட்டில் நாமும் மொட்டையாகலாம், அதற்கு மேல் கட்டில் தாங்காது. சுமாரான சீட்டு வந்தால் குவியலைச் சின்னதாகவே வைத்துக்கொள், நல்ல சீட்டு வந்தால் மெல்ல மெல்லப் பெரிதாக்கு என்று ஒரு வசனம் பரவியது, அதைச் சம்பந்தி வீட்டுப் பேச்சுக்கும் ரங்கநாயகி பயன்படுத்தினாள். ஆனால் எல்லோரும் பெண்டாட்டிக்குப் பயந்து நாற்பதோடு உட்கார்ந்ததால் ஆட்டமே கெட்டுப்போயிற்று, யோசனைக்கு இடமே இல்லை, தடாலடிதான். இதெல்லாம் விளையாடியவர்கள் சொன்னது. நான் விளையாடவில்லை. என் கடை ஸ்டூல் உடைந்தது கரையான் அரித்ததால்.

டேபிளில் சொந்தப் பெயர் கிடையாது, ஆளுக்கொரு புனைபெயர். அதில் ஒருவன் மட்டும் தினமும் இருநூறோடு உட்கார்ந்தான். 'ஸ்டெப்னி' என்று பெயர் வைத்திருந்தான். காலை பத்து மணிக்கு வருவான், பொழுதோடு ஐந்தரைக்கு எழுந்து போய்விடுவான், ஒரு நாள்கூடத் தவறவில்லை. மேடையில் நூறுக்கு மேல் எண் ஏறினால் அதில் ஸ்டெப்னி இருக்கிறான் என்று ஊரே சொன்னது.

அந்தப் பெயர் வாணியின் மனதில் முள்ளாக இறங்கியது. அவள் புருஷன் சென்னியப்பன் டயர் ரீட்ரேடிங் பட்டறையில் வேலை செய்கிறான். காலையில் அவளை மொபெட்டில் கொண்டுவந்து மேடையில் விட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பட்டறைக்குப் போவான். ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்பி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவான். ஊரில் ஸ்டெப்னி என்று பெயர் வைக்க ஒரு டயர்க்காரனைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? வீட்டில் கட்டில் கயிறு தாழவில்லை; தாழாது, அதற்குள்தான் எழுந்துவிடுகிறானே. முகத்தில் கள்ளம் தெரியவில்லை. தெரியாது, பழகியவனுக்கு எப்படித் தெரியும்? சாட்சி எதுவும் இல்லாததே அவளுக்குச் சாட்சி ஆயிற்று.

"ஏனுங்க, நீங்க அந்த ஆட்டம் ஆடறீங்களா?" என்று நேராகவே ஒரு நாள் கேட்டாள்.

"எந்த ஆட்டம்?" என்றான் சென்னியப்பன்.

ஆடாதவன் இல்லை என்பான், ஆடுகிறவன்தான் எந்த ஆட்டம் என்பான் என்று அவள் முடிவு செய்தாள்.

கார்த்திகை முடிகிற வாரம் அவள் என் கடைக்கு வந்து தன் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஆட்டத்தில் சேர என்னென்ன போட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் கேட்பது போலக் கேட்டாள். அன்று மத்தியானம் டேபிளில் 'எருக்கம்பூ' என்று ஒரு புதுப் பெயர் உட்கார்ந்ததாக, விளையாடுகிறவர்கள் சொன்னார்கள். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்வது கணக்கில் வராது.

எருக்கம்பூ நாற்பதோடு உட்காரும். கூடினால் கூடியதைத் தோற்று மறுபடி நாற்பதுக்கு வரும், குறைந்தால் அன்றைக்கே நாற்பதாக்கிக்கொள்ளும். ஜெயிக்க வரவில்லை அது. ஸ்டெப்னி எங்காவது ஒரு இடத்தில் அவசரப்படுவான், சென்னியப்பன் வழக்கமாகச் செய்கிற மாதிரி ஒன்றைச் செய்வான், அன்றைக்குப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தது. எழுந்தால் அந்த இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து, வாணி ராப்பகலாக எழவே இல்லை. போனை ஓரம் வைத்தாலும் நாற்பது கிலோ அவள் மேலேயே இருந்தது. எடையறையில் அவளுக்கு ஆசனம் பழைய லாரி ஒன்றின் டிரைவர் சீட்டு. அதன் ஸ்பிரிங் நாலு விரற்கடை அமுங்கியது, ஜன்னலில் அவள் முகம் இரண்டாவது கம்பிக்குக் கீழே இறங்கியது. வீட்டில் கட்டில் காட்டிக்கொடுக்கும் என்று பாயில் படுத்தாள்.

சென்னியப்பன் அவள் பாயில் படுப்பதைப் பார்த்துவிட்டு முதுகுவலித் தைலம் வாங்கி வந்தான். மொபெட்டின் பின்டயர் இரண்டு நாளைக்கு ஒரு முறை இறங்கியது. வால்வை மாற்றினான், டியூபை மாற்றினான், கடைசியில் காற்றடிக்கிற பம்ப்பையே வண்டியில் கட்டிவைத்துக்கொண்டு, அவளை இறக்கிவிட்டுத் தினமும் என் கடை வாசலில் நின்று அடிப்பான். "பத்து டன் லாரி டயரு நான் ஒட்டுனா மலையேறுது, என்ற வண்டி டயரு நிக்க மாட்டேங்குது பாருங்கண்ணா" என்று சிரிப்பான். வாணி அவனுக்குத் தெரியாமல் அவன் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பங்குனியில் முத்திரை ஆபீசர் வரும் தேதி வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை வந்து, காலி மேடை பூஜ்யம் காட்டுகிறதா, இரும்புக் கற்களை வைத்தால் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை போடுவார். பூஜ்யம் நிற்காத மேடைக்கு முத்திரை கிடையாது.

குழந்தைசாமி இரும்பு நாற்காலியில் இருந்தபடியே வாணியைக் கூப்பிட்டார். "வியாழக்கெழம ஜீரோ நிக்கோணும் அம்மிணி. நிக்கலீனா சாவியக் குடுத்துட்டுப் போயிரு. மேடைல கோளாறில்ல, சீட்டுப் போடற கைலதான் கோளாறுன்னு ஆபீசர்கிட்டயே சொல்லீருவேன். என்ற மேடைக்கு நான் வேற பதில் என்ன சொல்றது?"

வாணிக்குச் சம்பளம் போவதுகூட இரண்டாவதுதான். இந்த ஊரில் ஒருவர் வாயிலிருந்து 'கையில் கோளாறு' என்று ஒரு சொல் விழுந்தால் அது பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். அப்புறம் அவள் எங்கே போய் எதை எழுதிக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் யாரும் ஆடாமல் இருந்தால் போதும். ஆனால் கேட்பது யாரிடம்? ஆடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் இத்தனை நாள் ஆடினேன் என்று ஆகிவிடுமே. மாரியம்மன் கோயிலில் ஊரைக் கூட்டிக் கற்பூரம் அடித்துச் சத்தியம் கேட்டார்கள். ஆண்கள் எல்லோரும் வரிசையாக வந்து நாங்கள் அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று கற்பூரத்தை அணைத்தார்கள், அணைத்த நேரத்திலேயே மேடையில் எழுபத்தாறு என்று காட்டியதாக ரங்கநாயகிக்குப் போன் வந்தது.

அப்போதுதான் வாணி ஊரின் வியாதியையே மருந்தாக்கினாள். ரங்கநாயகியின் காதில் ஒரு வார்த்தை போட்டாள். "இந்தத் தடவை ஆபீசரு ஆளுகளையும் ஏத்தி எடை போடுவாராமாக்கா. எச்சா இருந்தா பேர எழுதிக்குவாராமா. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க." ஆரிடமும் சொல்லாதே என்றால் ரங்கநாயகிக்குப் போதும். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அது கட்டிய கதை என்று வாணி ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். சென்னியப்பனிடம். வேண்டுமென்றேதான் சொன்னாள். மற்றவர்கள் பயந்து எழுந்துவிடுவார்கள்; பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறவன் எவனோ அவனுக்கு உண்மை தெரியும்; உண்மை தெரிந்தவன் ஒருவன்தான். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

"நல்ல வேலை பண்ணுன" என்று அவன் சிரித்தான். அவள் அந்தச் சிரிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஊரே மேடைக்கு வந்துவிட்டது. யார் வரவில்லை என்று பார்ப்பதற்காகவே எல்லோரும் வந்திருந்தார்கள். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, லேசாக, எவ்வளவு லேசு என்று காட்டுவதற்காகக் குதிகாலை உயர்த்தி உயர்த்தி நடந்து வந்தார்கள். தர்மலிங்கம் எல்லோருக்கும் தெரியும்படி போனைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தான். குழந்தைசாமி வேப்பமரத்தடியில், மடியில் துண்டோடு. சென்னியப்பன் வாசல் ஓரம் மொபெட்டில் உட்கார்ந்திருந்தான்.

ஆபீசர் வேனை விட்டு இறங்கி எண்ணைப் பார்த்தார். மூன்று.

"என்னம்மா இது?"

"கொஞ்சம் பொறுங்க சார், எறங்கீரும்."

பூஜ்யம் ஆயிற்று. ஊர் மூச்சு விட்டது. மறுபடி மூன்று.

"பத்து நிமிஷம் பாக்கறேன். ஜீரோ நிக்கலைன்னா நான் முத்திரை போட முடியாதும்மா" என்றார் ஆபீசர், கடிகாரத்தைப் பார்த்து.

டேபிளில் இப்போது இரண்டே பேர். ஸ்டெப்னி இருநூறோடு, எருக்கம்பூ நாற்பதோடு. சீட்டு விழும், ஒருவர் ஒன்று வைப்பார், ஒருவர் இரண்டு வைப்பார், யாராவது ஒருவர் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார், மறுபடி விழும். வாணி போனை எடைச்சீட்டுப் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தாள். அவள் எழுந்துவிட்டால் போதும். ஒற்றை ஆளுக்குச் சீட்டு விழாது, மேடை அந்த நிமிஷமே பூஜ்யமாகிவிடும், அவள் வேலையும் பெயரும் தப்பும். எழுவதற்கான பொத்தான் அவள் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. ஆனால் எழுந்துவிட்டால் ஸ்டெப்னி யார் என்று அவளுக்கு இனி ஒருபோதும் தெரியாது. நாலு மாதமாகப் பாயில் படுத்ததற்கு என்ன பதில்?

அவள் ஜன்னல் வழியாக மொபெட்டின் பின்டயரைப் பார்த்தாள். அமுங்கியிருந்தது. இருநூறு கிலோ ஏறினால் அந்த வண்டி இந்நேரம் தரையோடு படுத்திருக்குமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. சந்தேகத்துக்கு நிறுக்கத் தெரியாது. காலையில் தன்னை ஏற்றிக்கொண்டு வந்ததில் இறங்கிய டயர் அது என்பதும் தோன்றவில்லை.

மூன்று. பூஜ்யம். மூன்று. இந்த முறை அவளுக்கு விழுந்தது ஏழும் இரண்டும். இதைவிடக் கேவலமான சீட்டு அந்த ஆட்டத்திலேயே கிடையாது என்பார்கள். தோற்கத் தோதான சீட்டு. நாற்பதையும் நடுவில் தள்ளலாம். அவனும் ஈடு வைத்தால் அவன் உடம்பிலிருந்தும் நாற்பது இறங்கும், டயர் எழும்பும், கண்ணால் பார்த்துவிடலாம். அவள் தோற்றால் டேபிளில் ஒற்றை ஆள், மேடை பூஜ்யம். இரண்டும் கிடைக்கும். ஜெயித்துத் தொலைத்தால்தான் எண்பது கிலோவும் ஊர் பார்க்க அவள் மேலேயே ஏறும், ஆட்டமும் முடியாது. அவள் தள்ளினாள்.

மேடை நாற்பத்திரண்டு காட்டியது. ஊர் ஒரே குரலில் "அட கெரகமே" என்றது. வாணி எண்ணைப் பார்க்கவில்லை. டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பது.

டயர் அசையவில்லை.

வேப்பமரத்தடியில் ஜல்லி நறநறத்தது. குழந்தைசாமியின் இரும்பு நாற்காலி, நாலு மாதமாக ஜல்லிக்குள் புதைந்திருந்த அதன் நாலு காலும், மெல்ல ஒரு விரற்கடை மேலே எழும்பின. ஆபீசர் கல்லைத்தான் வைத்துப் பார்ப்பார், ஆளை ஏற்றமாட்டார் என்று இந்த ஊரில் இன்னொருவருக்கும் தெரியும். மேடையை வைத்திருக்கிறவருக்கு. முத்திரை போனால் பழியைப் போட அவருக்கு வாணியின் கையும் இருந்தது. அது வாணிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் போனைப் பார்த்தாள். எதிராளிக்கு இரண்டு ஒன்பது என்று விரித்துக் காட்டியது. நடுவில் முதல் மூன்று சீட்டு விழுந்ததில் ஒரு ஏழு இருந்தது. நாலாவதாக இரண்டு விழுந்தது. ஏழில் ஒரு ஜோடி, இரண்டில் ஒரு ஜோடி, அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். தோற்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். 'ஆத்தா, தோக்க வெச்சிரு, நான் பாத்ததெல்லாம் போதும்.' ஐந்தாவதாக ஒன்பது விழுந்தது. எதிராளிக்கு மூன்று ஒன்பது, ஜோடியெல்லாம் அதற்குக் கீழேதான்.

எண்பது பூஜ்யமாயிற்று. இரும்பு நாற்காலி ஒரு பக்கமாக ஜல்லிக்குள் இறங்கியது, கால் மடங்கியது, குழந்தைசாமி சரிந்தார், மடியிலிருந்த துண்டுக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு பெரிய போன் ஆபீசரின் செருப்படியில் போய் விழுந்தது.

"கிரிக்கெட்டு ஸ்கோர் பாத்துட்டிருந்தனுங்க" என்றார் குழந்தைசாமி, இருநூற்று நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு எழ முடியாமல்.

ஊர் சிரித்த சிரிப்பில் வேப்பம்பூ உதிர்ந்தது. பூஜ்யம் பத்து நிமிஷம் நின்றது, பதினைந்து நிமிஷம் நின்றது. ஆபீசர் கற்களை வைத்துப் பார்த்து முத்திரை போட்டார். வாணியின் கையில் கோளாறில்லை என்று எல்லோரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். எனக்கு அப்பவே தெரியும் என்றாள் ரங்கநாயகி.

எல்லோரும் முதலில் எண்ணையும் பிறகு குழந்தைசாமியையும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவன் மட்டும்தான் ஜன்னலைப் பார்த்தான். சென்னியப்பன் எந்தக் கூட்டத்திலும் அவளைத்தான் பார்ப்பான், அது அவன் பழக்கம். நாற்பது தள்ளிய அந்த நொடியில் லாரி சீட்டின் ஸ்பிரிங் விடுபட்டு, நாலு மாதமாக இரண்டாவது கம்பிக்குக் கீழே இருந்த அவள் நெற்றிப்பொட்டு, கம்பியைத் தாண்டி மேலே வந்து நின்றதை அவன் பார்த்தான். பிறகு குனிந்து பின்டயரைப் பார்த்தான். பிறகு பம்ப்பை அவிழ்த்து என் கடை வாசலில் வைத்துவிட்டு, பட்டறைக்குப் போனான்.

ஐந்தரைக்கு வந்தான். வாணி என் கடை ஓரம் நின்றிருந்தாள்.

"உங்களப் புடிக்கத்தான் உக்காந்தனுங்க" என்றாள். "வேற எதுக்கும் இல்ல. என்ற மேல ஆணை."

"புடிச்சிட்டியா?"

அவள் டிபன் பாத்திரத்தை வண்டியின் கொக்கியில் மாட்டினாள்.

"தெனமும் காத்து எறங்கறப்பெல்லாம் என்ற கைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் புள்ள" என்றான் அவன். "பட்டறைல ஒவ்வொரு டயரையும் ரெண்டு தடவை பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் வண்டியில் ஏறினாள். பட்டறையில் காற்றடித்து வந்த டயர் நிமிர்ந்தே நின்றது. அதற்கு அப்புறம் மேடை ஒரு நாளும் மூன்று காட்டவில்லை, குழந்தைசாமி மர ஸ்டூலுக்கு மாறிவிட்டார், ஊர் மறுபடி பாலில் தண்ணீரைத் தேடப் போய்விட்டது, வாணியின் சீட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. வாணி மறுபடி கட்டிலில் படுப்பதாகவும் கேள்வி.

நான் மட்டும் கடை திறக்கும்போது தினமும் பார்க்கிறேன். காலையில் சென்னியப்பன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், வாணி இறங்குகிறாள், டிபன் பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறாள். முன்பெல்லாம் அவள் எடையறைக்குள் போகிறவரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இப்போதும் நிற்கிறான். ஆனால் அவள் இறங்குவதற்கு முன்னால், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பின்டயரை ஒரு முறை குனிந்து பார்க்கிறான்.

அவன் பார்த்து முடிக்கிறவரை வாணி இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.